கார்த்திகையில் பூத்த மல்லி

திருவண்ணாமலையில் கார்த்திகை பிறந்த பிறகு குண்டுமல்லியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பங்குனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை கொட்டிக் கொடுத்த செடி, ஐப்பசி மழை இறங்கியதும் அடங்கிவிடும். இலை தடித்துக் கருத்து, துளிர் விடாமல் நிற்கும். ஊருக்குப் பூ அதிகம் வேண்டியிருப்பதோ அப்போதுதான். தீபத் திருவிழாவின் பத்து நாளும் சாமி புறப்பாடு, மாலை, சரம் என்று தேவை ஏறிக்கொண்டே போகும். மல்லி வரத்து இறங்கிக்கொண்டே போகும். அந்த இடத்தைச் சாமந்தியும் காக்கட்டானும் டிசம்பர் பூவும் நிரப்பிவிடுகின்றன.

இருந்தும் என் தோட்டத்தில், சில வருஷம், சில செடிகள் மட்டும் கார்த்திகையில் பூத்திருக்கின்றன. தெருவில் பூக்கூடையோடு வரும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாமலையார் கண்ணைத் தொறந்து பார்த்திருக்காருக்கா, அவருக்கே போட்டுடுங்க" என்றார். அப்படியே கொண்டுபோய்ப் போட்டேன். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே எரு. மதிலோரத்துச் செடி பூக்கிறது, கிணற்றடிச் செடி பூக்கவில்லை. ஏன்?

விடை மதிலின் மேல் இருந்தது. எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியது. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் மதில் வழியாகத்தான் உள்ளே வரும். கொய்யாவுக்கு வரும் கூட்டம், போகிற போக்கில் மல்லியின் நுனியை ஒடிக்கும், கிளையைப் பிடித்துத் தொங்கும், பிய்த்துப் போடும். புரட்டாசியில் கொய்யா நன்றாகக் காய்த்த வருஷங்களில் மதிலோரச் செடிகள் பாதிக்கு மேல் மொட்டையாகியிருக்கின்றன. அந்த வருஷங்களில்தான் கார்த்திகையில் பூ.

மல்லி பழைய கிளையில் பூக்கிற செடி இல்லை. புதுத் துளிர் ஓட வேண்டும். அதன் நுனியிலும் பக்கக் கணுக்களிலும்தான் அரும்பு வைக்கும். அதனால்தான் விவசாயிகள் வருஷா வருஷம் கவாத்து செய்கிறார்கள். வழக்கமான கவாத்து நவம்பர் கடைசியில், தரையிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு விட்டு மேலே வெட்டிவிடுவது. அதற்குப் பலன் பங்குனிப் பூ. அதே வெட்டு செப்டம்பர் கடைசியில் விழுந்தால், மண்ணில் இன்னும் சூடு இருக்கும், வெயிலும் இருக்கும். பனி இறங்குவதற்குள் துளிர் ஓடி அரும்பு கட்டிவிடும். பருவமில்லாத காலத்தில் மல்லி எடுக்கிறவர்கள் தெரிந்து செய்வதை, என் மதிலில் குரங்குகள் தெரியாமல் செய்திருக்கின்றன.

ஆகவே கார்த்திகைப் பூவைப் பார்த்தால் நான் புரட்டாசியை நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் செடிக்கு அப்போது என்ன நடந்தது? வெட்டா, ஒடிவா, ஆடு மேய்ந்ததா? காரணமில்லாமல் ஒரு செடியும் பருவம் மாறிப் பூப்பதில்லை என்பது என் அனுபவம். காரணம் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு முன்னால் கிடக்கும். பூத்த நாளில் நாம் அதைத் தேடுவதால் கிடைப்பதில்லை.

இதைக் கண்டுகொண்ட பிறகு நானே கத்தரியை எடுத்தேன். இங்கே ஒரு சிக்கல். தீபம் ஒரே தேதியில் வருவதில்லை. 2021இல் நவம்பர் 19, 2022இல் டிசம்பர் 6, 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13. கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னும் பின்னும் ஆடுகிறது. எனவே பஞ்சாங்கத்தில் தீப நாளைப் பார்த்து, அங்கிருந்து இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னுக்கு எண்ணி வெட்டுகிறேன். தீபம் தள்ளி வருகிற வருஷம்தான் கடினம். அப்போது வெட்டும் நாள் ஐப்பசியை நெருங்கிவிடும். அடைமழையில் விடும் துளிர் நீளமாக, வெளிறி, வெறும் இலையாகவே போகும். அரும்பு வைத்தாலும் ஈரத்தில் மொட்டுப்புழு துளைத்துவிடும். அந்த வருஷங்களில் கொஞ்சம் முன்னதாகவே வெட்டிவிட்டு, தீபத்துக்கு முன்பே பூ வந்தாலும் வரட்டும் என்று விடுவது மேல்.

குளிரில் பூக்கும் மல்லியின் குணமும் வேறு. மொட்டு சிறுத்து, கெட்டியாக இருக்கும். அரும்பு முற்றிப் பறிக்கும் பதத்துக்கு வர நாளாகும். கோடையில் விடியலில் பறித்த மொட்டு அந்தியில் வாய் திறக்கும். இதுவோ இரவு நெடுநேரம் மூடியே கிடக்கும். வாசனையும் மெல்ல, தாமதமாகத்தான் எழும். சரம் தொடுப்பவர்களுக்கு இது வசதி, மாலை சீக்கிரம் வாடாது. எனக்குக் கோடை மல்லியின் வாசனைதான் மல்லி வாசனை, அதில் மாற்றமில்லை.

எல்லாப் பூவும் வெட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல. சாமந்தி இரவின் நீளத்தைப் பார்க்கிற செடி. நம் ஊரில் ஜூனில் பகல் பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டி இருக்கும். டிசம்பரில் சுமார் பதினொன்றரை. இந்தச் சின்ன வித்தியாசமே அதற்குப் போதும். எங்கள் வாசலில் தெருவிளக்கு விழும் இடத்தில் வைத்த சாமந்தித் தொட்டி, மற்றவை பூத்து நிற்கும்போது இலையாகவே நின்றது. தொட்டியை இருட்டுக்கு மாற்றியதும் அரும்பு கட்டியது. காகிதப்பூவுக்கு வேறு கணக்கு. மழை விட்டு வேர் காய ஆரம்பித்தால் அது நிறம் கொடுக்கும். பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் இலைதான் மிஞ்சும்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. அந்த மாதம் தோட்டத்தில் நின்று எதையும் கவனிக்கும் மனநிலை எனக்கு இல்லை. மழையில் சாய்ந்து ஒடிந்த மல்லிச் செடிகளை அப்படியே விட்டிருந்தேன். வேரில் நீர் தேங்கியவை மஞ்சளடித்துப் போயின. தண்ணீர் வடிந்த மேட்டில் இருந்தவை மட்டும், ஒடிந்த கணுக்களில் துளிர்த்து, பருவத்துக்கு முன்பே மாசியில் பூத்தன. கணக்கு அப்போதும் மாறவில்லை.

எல்லாச் செடியையும் தீபத்துக்கென்று வெட்ட வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். குளிரில் பூத்த செடி பங்குனியில் களைத்துத்தான் வருகிறது. அதே செடியை அடுத்த வருஷமும் வெட்டினால் கிளை மெலிந்துவிடும். நான் வரிசை மாற்றி வெட்டுகிறேன், வெட்டியதற்குத் தொழுவுரம் தாராளமாக வைக்கிறேன். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகை வருஷம் முழுக்கப் பூக்கும் ரகம். கத்தரியும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். அதிலும் இரண்டு செடி வைத்திருக்கிறேன், சொன்னபடி பூக்கிறது. குண்டுமல்லியை எடுத்துவிட்டு அதை வைக்கத்தான் மனம் வரவில்லை. மதிலோர வரிசையைக் குரங்குகளுக்கே விட்டுவிட்டேன். கிணற்றடி வரிசையைப் புரட்டாசியில் நான் வெட்டுகிறேன்.