நரம்பு கட்டுகிறவன் பார்க்கும் டென்னிஸ்

மட்டை வாங்க வருகிறவர்கள் சட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். என்ன நிறம், என்ன எடை, எந்த ஆட்டக்காரர் பிடிக்கிற மாடல் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஆனால் பந்து சட்டத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த அடி வீண். பந்தைத் தொடுவது நரம்பு மட்டும்தான். அதுவும் ஒரு நொடியில் ஏறத்தாழ 200ல் ஒரு பங்கு நேரம். பந்து எங்கே விழும், எவ்வளவு சுழலும், முழங்கைக்கு எவ்வளவு அதிர்வு வந்து சேரும் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடுகிறது. காஞ்சிபுரத்தில் பல வருடங்களாக நான் செய்துவருவது அந்த நரம்பைக் கட்டுகிற வேலை. எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் இதைக் ‘கட் போடுறது’ என்பார்கள். காலையில் ஆடுவேன், மாலையில் கட் போடுவேன்.

ஒரு மட்டைக்குச் சுமார் 12 மீட்டர் நரம்பு வேண்டும். சட்டத்தை மிஷினில் அசையாமல் பூட்டிவிட்டு, முதலில் நெடுக்கு நரம்புகளை இழுக்க வேண்டும். பெரும்பாலான மட்டைகளில் நெடுக்கு 16, குறுக்கு 19. நெடுக்கை நடுவிலிருந்து ஆரம்பித்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு போவேன். ஒரே பக்கமாக இழுத்தால் சட்டம் கோணிக்கொள்ளும். நெடுக்கு முழுவதும் ஏறியதும் சட்டம் நீளத்தில் குறுகி அகலத்தில் விரியப் பார்க்கும். குறுக்கு நரம்புகள் ஒவ்வொன்றாக ஏறி அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். அதனால்தான் நெடுக்கு முடிந்த கையோடு மிஷினை விட்டு எழுந்து போகக் கூடாது. வாசலில் யார் கூப்பிட்டாலும் சரி.

சிரமமெல்லாம் குறுக்கில்தான். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று கோத்துக்கொண்டே போக வேண்டும்; ஒரு இடத்தில் மாறிப்போனால் அவிழ்த்துத் திரும்பக் கோக்க வேண்டும். இழுக்கும்போது நரம்பும் நரம்பும் உரசிச் சூடேறும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் நெடுக்கில் ஒரு தழும்பு விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. பிற்பாடு அந்த இடத்தில்தான் அறும். ஒரே புள்ளியில் உரசாதபடி நரம்பை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே மெதுவாக இழுப்பதற்குக் கை பழக நாளாகும்.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை தறி ஓடியது. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடிகாலையில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் குறுக்கு நரம்பு கோப்பது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பாவில் ஊடை ஓடுகிற கணக்குத்தான் அது. ஆனால் ஒற்றுமை அதோடு சரி. தறியில் இழுவிசை பாவுக்கு மட்டும். ஊடை நாடாவோடு தளர்வாகப் போய், அச்சு அடிக்கும்போது தன் இடத்தில் உட்காரும். மட்டையில் இரண்டுக்குமே இழுவிசை உண்டு. இன்னொன்று, நெய்த துணியில் இழை நகரக் கூடாது. மட்டையில் நகர வேண்டும். நகர்ந்து, திரும்பி வர வேண்டும். இன்றைய டென்னிஸ் மொத்தமும் இந்த நகர்வின் மேல்தான் நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தறியிலிருந்து எனக்குக் கைவந்தது சீரான இழுப்பு. பாவில் ஒரு இழை தொய்ந்தாலும் சேலையில் அது பல்லைக் காட்டும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்ததால், 35 நரம்பையும் ஒரே நிதானத்தில் இழுக்காமல் எனக்கு மனசு அடங்காது. என் மிஷின் எடைக்கல் தொங்கும் வகை. கைப்பிடிக் கம்பி தரைக்குக் கிடையாக வந்து நின்றால் கேட்ட இழுவிசை வந்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் தேவையில்லை. 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் போனபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதில்தான் வேலை நடந்தது. எலக்ட்ரானிக் மிஷின் வேகமானது, நல்லதும்கூட. இருந்தாலும் எனக்கு இது போதும்.

பிரான்ஸில் லியோன் நகரத்து பாபோலா நிறுவனம் 1875ல் டென்னிஸுக்கென்று குடல் நரம்பு செய்ய ஆரம்பித்தது. அதுவரை அவர்கள் செய்துகொண்டிருந்தது இசைக்கருவிகளுக்கான நரம்பு. மாட்டுக் குடலின் மேலுறையிலிருந்து எடுத்து முறுக்கிச் செய்கிற அந்த நரம்புக்கு இணையாக இன்றுவரை எதுவும் வரவில்லை என்பது என் கருத்து. இழுவிசை எளிதில் குறையாது, கைக்கு மெத்தென்று இருக்கும். விலை சில ஆயிரம். ஈரம் மட்டும் ஆகாது. எங்கள் ஊரில் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. “இது எதுல செஞ்சது?” என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் மட்டையைச் சட்டென்று கீழே வைத்தவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. புழுவைக் கொன்று எடுக்கிற பட்டு வேண்டாம் என்று காஞ்சி மகா பெரியவர் சொன்னது பட்டை நம்பிப் பிழைக்கிற இதே ஊரில் இருந்துதான். யாருக்கு எது ஒவ்வாது என்பதை நான் தீர்மானிக்க முடியாது. அவர்களுக்கு நைலான் இழைகளைக் கற்றையாகச் சேர்த்துச் செய்த நரம்பு இருக்கிறது. மென்மையில் குடலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

பாலியெஸ்டர் வந்த பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. 1997ல் பாரிஸ் பிரெஞ்ச் ஓப்பனுக்கு வந்தபோது பிரேசிலின் குஸ்தாவோ குவெர்தெனுக்கு உலகத் தரவரிசையில் 66வது இடம். லக்ஸிலான் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் பாலியெஸ்டர் நரம்போடு ஆடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதன் பின் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். காரணம் நான் முன்பு சொன்ன நகர்வுதான். பாலியெஸ்டர் வழவழப்பானது, விறைப்பானது. பந்தை மேல்நோக்கி உரசி அடிக்கும்போது நெடுக்கு நரம்பு பக்கவாட்டில் விலகி, பந்து மட்டையை விட்டுப் போவதற்குள் சடாரென்று தன் இடத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பந்தைச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சிதான் முழு வேகத்தில் அடித்த பந்தையும் கோட்டுக்குள் இறக்குகிறது. இதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு பாயிண்டுக்குப் பிறகும் விலகிக் கிடந்த நரம்பை விரலால் நேராக்கிக்கொண்டே இருப்பார்கள். பாலியெஸ்டரில் அந்த வேலை மிகவும் குறைவு, அதுவே திரும்பிவிடும். இன்றும் சிலர் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்களே என்றால், அது அடுத்த சர்வீசுக்கு முன் மனசை அடக்குகிற வழக்கம்.

நரம்பு கட்டுகிறவனுக்கு டென்னிஸ் பார்க்கச் சொர்க்கம் நுங்கம்பாக்கம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அந்த அரங்குக்கு, 1997ல் டெல்லியிலிருந்து ஆண்களுக்கான ஏடிபி போட்டி வந்து சேர்ந்தது. 2017 வரை ஜனவரி முதல் வாரம் என்றால் எனக்குச் சென்னைதான். முன்வரிசையில் உட்கார்ந்தால் டிவியில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: சத்தம். குடல் நரம்பின் சத்தம் உருண்டு வரும். பாலியெஸ்டரின் சத்தம் மொட்டையாக இருக்கும். முதல் 7 கேம் முடிந்தும், பிறகு 9 கேமுக்கு ஒரு முறையும் புதுப் பந்து வரும். அப்போது பெரிய ஆட்டக்காரர்கள் பையிலிருந்து புதிதாகக் கட்டிய மட்டையை உருவுவார்கள். பழைய மட்டையில் நரம்பு அறுந்திருக்காது. கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கே மாற்றுவார்கள்.

2008 அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆடினார்கள். மூன்று செட்டும் டை-பிரேக். சென்னைக் கோப்பையை 2004லும் 2005லும் வென்றிருந்த மோயா, தன் ஊர்த் தீவிலிருந்து வந்த பையனிடம் அன்று தோற்றார்; பிற்காலத்தில் அவனுக்கே பயிற்சியாளரும் ஆனார். ஜெயித்த நடாலுக்கு மறுநாள் இறுதியாட்டத்தில் காலே எழவில்லை. மிகயீல் யூஷ்னியிடம் 6-0, 6-1. எந்த நரம்பும் காலுக்கு உதவாது. 2018ல் போட்டி புனேவுக்குப் போனது வேறு கதை. 2022 செப்டம்பரில் பெண்கள் போட்டி அதே அரங்குக்கு வந்து, 17 வயது லிண்டா ஃப்ருஹ்விர்தோவா கோப்பையை வாங்கியபோதுதான் அந்த மனக்குறை பாதி ஆறியது.

நடால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த வாரமே என்னிடம் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரி மாணவன் ஒருவன் கேட்டது நினைவிருக்கிறது.

“அண்ணா, 55 பவுண்டு போடுங்க. நடால் அதான் போடறாரு.”

“போடலாம் தம்பி. அவர் தோள் எங்க வாங்கறது?”

அவன் சிரித்தான், ஆனால் 55தான் வேண்டும் என்றான். போட்டுக் கொடுத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு முழங்கை வலி ஆரம்பித்தது இப்படித்தான். அதிகப் பவுண்டு இழுவிசை என்றால் அதிக வேகம் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. உண்மை நேர் எதிர். தளர்ந்த நரம்பு பந்தை அதிகம் தள்ளும். இறுகிய நரம்பு கட்டுப்பாட்டைக் கொடுக்கும், வேகத்தை நம் கையிலிருந்து கேட்கும். பியர்ன் போர்க் மர மட்டையில் 80 பவுண்டு வரை இறுக்கிக் கட்டினார். பிரான்ஸின் அட்ரியான் மன்னாரினோ நடாலின் அளவில் பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டு, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி முதல் 20 பேரில் ஒருவராக வந்தார். அவரவர் கைக்கு அவரவர் கணக்கு.

எதிராளியின் வேகத்தைக் கடன் வாங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. ராமநாதன் கிருஷ்ணன் 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். அதை வென்ற முதல் ஆசியர் அவர். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த வருடம் ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த வருடக் கோப்பையை வாங்கியவர்கள். கிருஷ்ணனிடம் மிரட்டுகிற சர்வீஸ் கிடையாது. பந்தைத் தொட்டு, இடம் பார்த்து வைப்பார். 1966ல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சிடம் 1-2 என்று செட்டில் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று கிடந்தார். அங்கிருந்து எழுந்து வந்து ஜெயித்துத்தான் இந்தியாவை முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். மகன் ரமேஷின் சர்வீஸையும் யாரும் பயந்து பார்த்ததில்லை. ஆனால் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வெளியே அனுப்பினார். அப்பா ஆடியது மர மட்டையில், மகன் அது போன பிறகும் ஆடினார், கை ஒன்றுதான்.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் மண் தளத்தில் காலை ஆறு மணிக்கு ஆட வருகிறவர்களைப் பார்க்கிறேன்: பேங்க் அதிகாரி, பட்டுக் கடைக்காரர், ரிட்டையர் ஆன தலைமையாசிரியர், இரண்டு மூன்று பள்ளிப் பிள்ளைகள். தளத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுகிற ஆட்டம். வைகாசியில் வரதர் கருட சேவை என்றால் தளம் காலி. இவர்களில் யாருக்கும் நடாலின் சுழற்சி வரப்போவதில்லை, வர வேண்டியதும் இல்லை. இவர்கள் ஆட்டம் கிருஷ்ணனின் ஆட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அதற்கு மென்மையான நரம்பு வேண்டும். தலைமையாசிரியரின் மட்டையில் கற்றை நைலானை 48 பவுண்டில் கட்டுகிறேன். வலைக்கு அருகில் அவர் பந்தைச் செல்லமாக இறக்கிவைக்கும்போது, எதிரில் கல்லூரிப் பையன் ஓடிவந்து சேர முடியாமல் நிற்பான்.

பாலியெஸ்டர் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. வாரத்துக்கு நான்கைந்து நாள் ஆடி, நரம்பை அடிக்கடி அறுக்கிற இளைஞனுக்கு அது சரி. 45 பவுண்டுக்கு மேல் போக வேண்டாம். வளர்கிற பிள்ளைகளுக்கு அதைக் கட்டித்தர மாட்டேன் என்று பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போயிருக்கிறார்கள். போகட்டும். பாலியெஸ்டரின் பெரிய வில்லங்கம், அது அறுவதற்கு ரொம்ப முன்பே செத்துவிடும். அறவில்லையே என்று மாதக்கணக்கில் அதிலேயே அடிப்பவர்கள் மரக்கட்டையால் அடிக்கிறார்கள். ஒரு நெடுக்கு நரம்பை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தானாகத் திரும்பாமல் அங்கேயே நின்றால் அதன் காலம் முடிந்தது.

பொதுக் கணக்கு ஒன்று உண்டு: வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருடத்தில் அத்தனை முறையாவது நரம்பை மாற்றுங்கள். கத்திரி வெயிலில் மட்டையை வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் நரம்பு தொய்ந்துவிடும். ஆடும்போது ஒரு நரம்பு அறுந்தால் மற்றவற்றையும் நடுவிலிருந்து ஆரம்பித்து அப்போதே வெட்டிவிடுங்கள். பாதி இழுவிசையோடு கிடந்தால் சட்டம் கோணும். கட்ட வரும்போது டிவியில் கேட்ட பவுண்டைச் சொல்லாதீர்கள். வயது என்ன, வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்கள், எங்கே வலிக்கிறது, போன முறை கட்டியதில் பந்து வெளியே போனதா வலையில் விழுந்ததா என்று சொல்லுங்கள். எத்தனை பவுண்டு என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.