பரிந்து பேசும் உரிமை

சபைகளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பொது ஜெபம் என்று ஒன்று உண்டு. நாட்டை ஆளுகிறவர்களுக்காக, நியாயாதிபதிகளுக்காக, நோயாளிகளுக்காக, பிரயாணம் பண்ணுகிறவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று போய்க் கடைசியில் ‘ஏழை எளியவர்களுக்காக, ஒடுக்கப்பட்டவர்களுக்காக’ என்று முடியும். அந்தக் கடைசி ஆள் நாங்கள்தான். பின்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, முன்வரிசைக்காரர் எங்களைப் படர்க்கையில் வைத்து ஆண்டவரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆமென் என்றும் சொல்லுவோம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற அதே கோட்டை ஜெபத்துக்குள்ளேயும் இழுத்துவிட்டார்கள்.

பிறருக்காக ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகிறது என்று பகுத்தறிவுத் தோழர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. யார் யாருக்காக ஜெபிக்கிறார்கள்? எனக்கு இதைப் புரிய வைத்தது வேதசாஸ்திரக் கல்லூரி இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்க தெருவில் நடந்த வியாழக்கிழமை ஜெபக் கூட்டம்.

ஏழெட்டுப் பொம்பளைங்க. பாதிப் பேர் வீட்டு வேலை, மீதிப் பேர் சித்தாள், துப்புரவு வேலை. எட்டு மணிக்குமேல்தான் கூடுவார்கள், அதற்கு முன்னால் யாருக்கும் கை ஒழியாது. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபக் குறிப்பு எழுதுகிற நோட்டு என் கையில் இருக்கும். யார் யாருக்காக ஜெபிக்கணுமோ அவங்க பேரை நான் எழுதணும், அப்புறம் ஒவ்வொன்றாக வாசிக்கணும். ‘அந்த மூக்குத்தி போட்ட அக்கா’ என்றால் அம்மா விட மாட்டாள். “பேரு இன்னான்னு கேட்டுகினு வா. பேரு தெரியாதவளுக்கு இன்னான்னு ஜெபம் பண்றது?” என்பாள்.

ஒரு நாள் அம்மா வேலை செய்த வீட்டுக்காரர் பேரை எழுதச் சொன்னாள். அவருக்கு இருதய ஆபரேஷன். அந்த வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர், கொல்லைப்புறத்து ஜன்னலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. “அந்த ஆளுக்கு நீ எதுக்கும்மா ஜெபிக்கணும்?” என்றேன். அம்மா சொன்னாள்: “அவுங்க ஊட்ல நான் வாயத் தொறந்தா, எதிர்த்துப் பேசறான்னு பேரு. இங்க அவருக்கு நான் வக்கீலு. ஆண்டவர் முன்னால அவருக்காகப் பேச இன்னைக்கு என்னை உட்டா ஆளு இல்ல. எழுதுடீ.” அவர் பிழைத்து வந்தார். டம்ளர் மாறவில்லை. அடுத்த வருஷம் அம்மா அந்த வேலையை விட்டுவிட்டாள். விடும்போது டம்ளர் விஷயத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

இதை அடிமைப் புத்தி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பரிந்து பேசுவது என்பது இந்த நாட்டில் ஒரு அதிகாரம். பண்ணைக்காக கணக்குப்பிள்ளை பேசலாம், ஊருக்காக நாட்டாமை பேசலாம். சேரியாள் தனக்காகக்கூடப் பேச முடியாது, யாராவது அவனைக் கூட்டிக்கொண்டு போய் “நம்ம ஆளுதான்” என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஒருத்தி கடவுளுக்கு முன்னால் எழுந்து நின்று ஊராருக்காக வாதாடுகிறாள். அங்கே அவள் மனு கொடுக்கிறவள், ஆண்டை மனுவில் இருக்கிற பேர். சாதி சொல்லிக்கொடுத்த வரிசை அங்கே தலைகீழாகிறது.

வேதத்திலும் இது கும்பிடு போடுகிற வேலையாக இல்லை. சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசுகிறான். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் அழிக்கக்கூடாது என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது என்று குறைத்துப் பத்து வரைக்கும் கொண்டுவருகிறான். காய்கறிக் கூடைக்காரியிடம் எங்க தெருப் பொம்பளைங்க பேசுகிற பேரம்தான் அது. மகளுக்காக வந்த கானானியப் பெண்ணோ இயேசுவிடமே வாதம் பண்ணி ஜெயித்தாள். அவளும் தீண்டத்தகாதவளாக ஒதுக்கப்பட்டவள்தான்.

எங்க தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி. 1937இல் அது தாம்பரம் காட்டுக்கு வந்தது. அடுத்த வருஷம் 1938 டிசம்பரில் அங்கே உலக மிஷனெரி மாநாடு நடந்தது. முதலில் சீனாவில் நடத்தத் திட்டமிட்டு, ஜப்பான் படையெடுப்பால் இங்கே மாற்றினார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த அதே சமயம் சீனப் பிரதிநிதிகளும் ஜப்பானியப் பிரதிநிதிகளும் ஒரே கூரைக்குக் கீழே ஆராதித்தார்கள். திருச்சபை வரலாற்றில் ‘தாம்பரம் 1938’ என்று அதற்கு ஒரு பேர் இருக்கிறது. எதிரியின் பேரை வாயில் எடுத்து ஜெபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று புத்தகங்கள் பேசும். தனி டம்ளரில் குடித்துவிட்டு வந்து ஜெபித்த பொம்பளைங்களைப் பற்றி எந்தப் புத்தகமும் பேசாது.

இன்னொரு இடம், சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. 1993லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்தார்கள். எங்கெங்கோ மாவட்டங்களிலிருந்து வந்து, சொந்தக்காரர்கள் கைவிட்டுப் போனவர்கள் அங்கே கிடந்தார்கள். எங்க ஜெபக் கூட்டத்துப் பொம்பளைங்க சனிக்கிழமைகளில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதலில் பேரும் ஊரும் கேட்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபிப்பார்கள். ஒரு தடவை ஒரு பெண் கையை இழுத்துக்கொண்டாள், “என்னத் தொடாதீங்கக்கா, ஒட்டிக்கும்” என்றாள். அம்மா சிரித்தாளாம். “எங்களத் தொட்டா தீட்டுன்ன ஊர்லேருந்து வந்தவ நானு. எனக்கு இன்னா ஒட்டும், குடு கையை.” தீண்டாமை என்றால் என்ன என்று உடம்பில் தெரிந்தவளுக்கு அடுத்தவள் கையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த ஜெபத்தால் நோய் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பலர் செத்துப்போனார்கள். மருந்து இருந்தது, ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. உலகம் பூராவும் நோயாளிகள் தெருவில் இறங்கிக் கேட்டதால்தான் மருந்து விலை இறங்கியது. ஜெபம் செய்தது வேறொன்று. படுக்கை எண்ணாகக் கிடந்தவர்களை மறுபடியும் பேரும் ஊரும் உள்ள மனுஷராக ஆக்கியது. எங்க நோட்டில் அந்தப் பேர்களெல்லாம் இருக்கின்றன.

ஆனால் ஜெபத்திலேயே முடிந்துபோகிற ஜெபமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் எங்க பக்கத்துக் காலனிப் பையன் ஒருவன் அபார்ட்மெண்ட் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவில் செத்தான். அவன் பேரையும் அவன் குடும்பத்தையும் ஞாயிறு ஜெபத்தில் சொல்லச் சொல்லி ஒரு பெரிய சபையில் சீட்டு எழுதிக் கொடுத்தோம். வாசிக்கவில்லை. கேட்டதற்கு, “இதெல்லாம் அரசியல்மா, பொதுவா துக்கத்துல இருக்கிறவங்களுக்காகன்னு சொல்லியாச்சு” என்றார்கள். அன்றைக்கு அமெரிக்கா போகிற ஒருவரின் விசாவுக்காகப் பேர் சொல்லி ஜெபித்தார்கள்.

‘பொதுவாக’ என்கிற வார்த்தைக்குள்தான் நம்மைப் புதைக்கிறார்கள். பேர் சொன்னால் எப்படிச் செத்தான் என்று சொல்ல வேண்டும். எப்படிச் செத்தான் என்றால் யார் இறக்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகைதான் ஏறியிருக்கிறது, இறங்குகிறவன் சாதி மாறவில்லை.

செத்தவன் கிறிஸ்தவன் என்றால் இன்னும் ஒரு படி கீழே. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் இன்றைக்கும் வெளியே. அதனால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்கு இல்லை. மலம் அள்ள வைக்கும்போது பறையன், சக்கிலியன். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவன். சர்க்கார் பட்டியலிலும் அவன் பேர் இல்லை, சபையின் ஜெபப் பட்டியலிலும் இல்லை.

பரிந்து பேசுவது இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் ஒரு காலத்தில் மனுவாக மாறியது. 1890களுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் வில்லியம் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனெரிகள் இங்கே சேரிகளுக்காக ஜெபித்தார்கள். ஜெபத்தோடு நிற்கவில்லை. குடியிருக்கும் மனை கூட மிராசுதாரன் கையில் இருப்பதைச் சர்க்காரிடம் எழுதிக் கேட்டார்கள். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 அரசாணையும் பஞ்சமி நிலமும் அதற்குப் பிறகு வந்தவை. ஆனாலும் நமக்காக அடுத்தவர் பேசுவதோடு கதை முடிந்துவிடக் கூடாது. 1893இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும் இந்த மாவட்டத்துக்காரர்தான். நம்ம வாயால் நாமே பேசினோம்.

அந்தப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணை போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அந்த வார வியாழக்கிழமை இரண்டு பேரையும் நோட்டில் எழுதினேன். எங்க சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை, குடும்பத்துக்காகத்தான் ஜெபிப்பார்கள். ஒரு பாட்டி கேட்டது: “ஏழுமலை நம்ம சபையா?” அம்மா சொன்னாள்: “குண்டு சபை பார்த்துச் சுடல ஆயா. நாம மட்டும் இன்னாத்துக்குப் பார்க்கணும்?” இரண்டு குடும்பத்துக்காகவும் ஒரே ஜெபம்.

இயேசு பிரசங்கம் பண்ணிய வீட்டுக்கு ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். வாசலில் கூட்டம் வழி விடவில்லை. கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு உள்ளே இறக்கினார்கள். இயேசு பார்த்தது அந்த நாலு பேருடைய விசுவாசத்தை. அந்தக் கூரை வேறொருவனுடையது, ஓட்டை போட்டால் சண்டைக்கு வருவான் என்று தெரிந்துதான் பிரித்திருப்பார்கள். பிறருக்காக ஜெபிப்பது என்றால் எனக்கு இதுதான். ஆளைத் தூக்குகிற தோள் வேண்டும், கூரையைப் பிரிக்கிற கையும் வேண்டும்.

ஒவ்வொரு நவம்பர் இரண்டாவது ஞாயிறையும் தலித் விடுதலை ஞாயிறு என்று சபைகள் அனுசரிக்கின்றன. அன்றைக்காவது ‘ஒடுக்கப்பட்டோர்’ என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். அந்த வருஷம் சாக்கடையில் செத்தவர்கள், சாதி வெறியில் வெட்டுப்பட்டவர்கள் பேரை ஒவ்வொன்றாக வாசியுங்கள். பின்வரிசையில் இருக்கிறவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். ஞாயிறு வாசித்த பேர்களை ஒரு தாளில் எழுதி, சபையே அங்கே போய் வரிசையில் நிற்கட்டும்.