அன்னை பிறந்த மண்ணில்

என் அன்னையார் எண்பது அகவையைக் கடந்தவர். நான் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிட்டார். ‘சாமி’ என்றே அழைப்பார். எதையும் தமக்கெனக் கேட்டறியாத அவர், சென்ற நவம்பரில் ஒன்று கேட்டார்.

“சாமி, ஆத்துமாக்கள் மாசம் முடியறதுக்குள்ள எங்கம்மா கல்லறைக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போறீங்களா?”

ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றே அவர் பிறந்த இடம். தாயாரை அடக்கம் செய்தபின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அங்கே செல்லவில்லை. குடும்பத்தின் நிலம் கைமாறிவிட்டது. உறவினரும் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டனர். போய்ப் பார்க்க எவரும் இல்லாத ஊருக்கு எவ்வாறு போவது என்று இருந்துவிட்டார்.

ஒரு வியாழனன்று காலைத் திருப்பலி முடிந்ததும், புளிசாதப் பொட்டலமும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியுமாகப் புறப்பட்டோம். பூவிருந்தவல்லியைக் கடந்தால் பெங்களூரு நெடுஞ்சாலை. அதன் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பர். மழையை ஏரியில் தேக்கி, அதை நம்பி நெல் விளைத்த நாடு அது. இன்று ஏரிகள் உள்ளன. அவற்றின் கீழிருந்த வயல்கள்தாம் பல இடங்களில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் கார்த் தொழிற்சாலைக்குக் கால்கோள் இட்டனர். 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன்பின் இந்நிலப்பரப்பின் முகமே மாறிற்று.

ஸ்ரீபெரும்புதூர் 1017இல் இராமானுசர் பிறந்த ஊர் எனப் போற்றப்படுவது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் தேரைக் காணச் சிறு வயதில் மாட்டுவண்டியில் வந்ததை அன்னையார் நினைவுகூர்ந்தார். தேர் நினைவில் இல்லையாம். பொரி உருண்டைதான் நினைவில் இருக்கிறதாம்! ராஜீவ் காந்தி நினைவிடத்தில் சற்று நின்றோம். 1991 மே 21 இரவு அவரோடு மாண்ட காவலர்க்கும் பொதுமக்களுக்குமாக அன்னையார் ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னார்.

அங்கிருந்து தெற்கே திரும்பினோம். வல்லம் வடகாலில் மாடி மாடியாக எழுந்து நிற்கும் கட்டடங்களைக் கண்டு, “இது என்ன ஆஸ்பத்திரியா?” என வினவினார். தொழிற்சாலைப் பெண்களுக்கென 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எழுப்பி, 2024 ஆகஸ்டில் திறந்த தங்கும் விடுதி அது. 18,720 பேர் தங்கலாம். தேவை பெரிதாகவே இருந்தது. 2021 டிசம்பரில், வேறொரு விடுதியின் உணவால் நோயுற்று 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, அவர்தம் தோழியர் இதே நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தனர். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து 1891இல் எழுதிய சுற்றுமடலை நான் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தவன். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை, லியோ என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு அம்மடலையே முதன்மைக் காரணமாகக் கூறினார். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றேன் என்பது நினைவிருக்கிறது. அன்று ஒரு தொழிலாளியின் முகத்தையாவது எண்ணிக்கொண்டு படித்தேனா என்பதுதான் ஐயம்.

அன்னையாரின் ஊரை அடைந்தபோது நண்பகல். வீடு இருந்த இடத்தில் லாரிகள் நின்றிருந்தன. கல்லறை மட்டும் முள்வேலிக்குள் தப்பியிருந்தது. பாட்டியின் குழிக்குக் கல் நாட்ட அந்நாளில் வசதியில்லை. அருகில் நின்ற பனையே அடையாளம். அந்தப் பனையைக் காணவில்லை. அன்னையார் மண்மேடுகளிடையே முன்னும் பின்னும் நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். “இங்கதான்... இல்ல, அங்க” என்றபோது அவர் குரல் உடைந்தது.

மூலையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓர் இளம்பெண் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடித்து வந்தவள்.

“யாருக்கும்மா ஏத்தற?”

“யாரு குழின்னு தெரியாது பாட்டி. எங்க ஊரு சிவகங்கைப் பக்கம். அப்பத்தா செத்து ஒரு வருசம் ஆவுது. லீவு கெடைக்கல. அதான் இங்க ஏத்துறேன்.”

அன்னையார் அவளருகே மெல்ல அமர்ந்தார். “எங்கம்மாவும் இங்கதான் எங்கயோ இருக்காங்க. நீ ஏத்தின எடமே அவங்க எடமா இருக்கட்டும்மா.”

இரு மூதாட்டியரின் பெயரையும் சொல்லி மன்றாடினேன். புளிசாதப் பொட்டலம் அந்தப் பெண்ணின் கைக்குப் போயிற்று. அவள் உண்டு முடிக்கும்வரை அன்னையார் எழவில்லை.

திரும்பும் வழியில் படப்பை வரை அன்னையார் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொண்ணு ஊரு எவ்வளவு தூரம் சாமி?” என்றார்.

நானூறு கிலோமீட்டருக்கு மேல் என்றேன்.

“அடுத்த வருசம் மெழுகுவர்த்தி ரெண்டு கட்டா வாங்கிடுங்க.”