மந்திரவாதிக்கு ஆளில்லை

கோடை விடுமுறை விட்டால் சேக்காட்டில் நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலைக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துவிடும். இந்த முறை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், இருபது முகப் பகடையும் தடித்த ஆங்கில விதிநூலுமாக வந்தார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "கதவை உடைக்கிறேன்", "ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கதைக்குள் போவார்கள். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும். கூத்தில் பாதி, தாயத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன்பு பாத்திரத்தின் 'கிளாஸ்' எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர் என்று பன்னிரண்டு இருக்கின்றன. தோழர் அதைத் தமிழில் 'வகுப்பு' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பதும் வகுப்பு, சாதியும் வகுப்பு. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட ஆணைக்கே வகுப்புவாரி ஆணை என்றுதானே பெயர்!

ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் போர்வீரர். ஒருத்தி திருடி. ஒரு பையன் முடிவு செய்யவில்லை. மந்திரவாதிக்கு ஆளில்லை.

சமூகவியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? உடம்பால் உழைப்பதுதான் உனக்கு, புத்தகம் வேறு யாருக்கோ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது இந்தப் பிள்ளைகளுக்குள்ளும் இறங்கிவிட்டது என்று மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதி முடித்துவிட்டேன். பிறகுதான் அவர்களையே கேட்கத் தோன்றியது.

"மந்திரவாதின்னா அந்த இங்கிலீஷ் லிஸ்ட் ஃபுல்லா படிக்கணும்க்கா. ஃபைட்டருக்கு அவ்ளோ இல்ல."

அவ்வளவுதான் விஷயம். 2017இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் இணையதளம், ஆட்டக்காரர்கள் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் உருவாக்கிய பாத்திரங்களை எண்ணிப் பார்த்தபோதும் மனிதப் போர்வீரர்தான் முதலிடம். ஆங்கிலம் தெரிந்தவர்களும் எளிதானதைத்தான் எடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆனாலும் என் கட்டுரையை முழுசாகக் கிழித்துப் போட மனம் வரவில்லை. அதற்குக் காரணம் என் சொந்தக் கதை. எம்.ஏ. படிக்கும்போது வகுப்புத் தோழிகள் சிலர் இந்த ஆட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். மற்றவர்கள் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். என் கையில் மட்டும் முன்பே எழுதி வைத்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அரை ஓர்க், பார்பேரியன். "உனக்கு இதுதான் ஈஸியா இருக்கும்." அவர்கள் ஆடிய மூன்றாம் பதிப்பில் அரை ஓர்க்குக்கு வலிமையில் 2 கூட்டுவார்கள். அறிவில் 2, கவர்ச்சியில் 2 கழிப்பார்கள். சேக்காடு என்றதும் "எந்தத் தெரு?" என்று என்னைக் கேட்டவர்களும் இவர்களே. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் கதவு உடைத்துவிட்டு ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பிறகு இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆட்டம் வெளிவந்தது 1974இல். 1978 விதிநூலின்படி குள்ளரும் அரை ஓர்க்கும் மந்திரவாதி ஆகவே முடியாது. பிறப்பே தடை. 2000இல்தான் எல்லா வகுப்பும் எல்லோருக்கும் என்று திறந்தார்கள். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். பிறப்பை வைத்துத் திறமை கூட்டுவதும் போயிற்று. நல்லதுதான். இப்போது எதை வைத்துக் கூட்டுகிறார்கள் தெரியுமா? பாத்திரம் முன்பு பார்த்த தொழிலை வைத்து! உழவர் என்றால் வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம், அறிவில் கூடாது. அறிவு அறிஞருக்கும் பிரபுவுக்கும் உண்டு. பிறப்பை எடுத்துவிட்டுத் தொழிலை வைத்தால் சரியாகிவிடும் என்று அமெரிக்காவில் நினைக்கலாம். பிறப்பும் தொழிலும் ஒன்றாகவே இருந்த ஊரிலிருந்து படிக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முடிவு செய்யாமல் இருந்த பையன் ஒரு கேள்வி கேட்டான். "மந்திரம் எப்படிக்கா வரும்?" தோழர் விளக்கினார். சார்சரர் என்ற வகுப்புக்கு ரத்தத்திலேயே வரும். பூசாரிக்குச் சாமி கொடுக்கும். மந்திரவாதிக்குப் படித்தால் வரும்.

"படிச்சா வருமா? அப்போ எனக்கு அது."

அந்த வாரம் தோழரும் நானும் உட்கார்ந்து முதல் மட்ட மந்திரங்களில் இருபதைத் தமிழில் எழுதினோம். 'மேஜிக் மிஸைலுக்கு' மட்டும் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் 'மாய அம்பு' என்று வைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு போர்வீரர்கள் தங்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மந்திரவாதி கேட்டு நின்றார்கள்.

திருடி மட்டும் மாறவில்லை. மந்திரம் வேண்டாமா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. இவ நடந்து போனா சத்தமே வராதாம், யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாளாம். ஸ்டேஷன்லேர்ந்து வீடு வர்ற வரைக்கும் எனக்கு அது போதும்."