விலையும் மதிப்பும்

கூடைப்பந்து வீரரின் உடற்பாரம் முழுவதையும் தாங்குவது அவரது காலணி. துள்ளி எழுந்தவர் தரையிறங்கும்போது ஏற்படும் அதிர்வை அதன் மெத்தைப் பகுதி உள்வாங்குகிறது. ஓடும் வேகத்தில் சட்டெனத் திரும்பும்போது அடிப்பாகத்தின் வரிகள் தரையைப் பற்றிக்கொள்கின்றன. சில காலணிகளின் உயர்ந்த மேல்விளிம்பு கணுக்காலைச் சூழ்ந்து நிற்கிறது. இத்தகைய காலணிக்கு எவ்வளவு விலை தகும்? 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் இவ்வினாவை எழுப்பியவர், கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரி.

புகழ்பெற்ற வீரரின் பெயரைக் காலணிக்குச் சூட்டி விற்பது அங்கு வழக்கம். 1985இல் 65 டாலருக்கு விற்பனைக்கு வந்த 'ஏர் ஜோர்டான்' இவ்வணிகத்தைப் பெருக வைத்தது. பின்னாளில் இத்தகைய காலணிகள் பலவற்றின் விலை 100 டாலரைத் தாண்டியது. காலணிக்காகச் சிறுவர்கள் வழிப்பறிக்கு ஆளாயினர். சிலர் உயிரையும் இழந்தனர்.

நியூயார்க் நகரின் கோனி தீவில், அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர் மார்பரி. உடன்பிறந்தாரோடு சேர்த்து எழுவர் கொண்ட வீட்டில், ஒருவருக்கு விலையுயர்ந்த காலணி வாங்கினால் மற்றவர் நிலை என்ன? அந்த வறுமையை மறவாத அவர், தம் பெயர் தாங்கிய 'ஸ்டார்பரி' காலணியை 14.98 டாலருக்கு விற்கச் செய்தார்.

“மலிவானது உழைக்குமா?” என ஐயுற்றோர் பலர். அவர்களுக்கு மார்பரி சொல்லால் மட்டும் விடையளிக்கவில்லை. நியூயார்க் நிக்ஸ் அணிக்காக 2006–07 பருவத்தில் அக்காலணியை அணிந்தே களமிறங்கினார். உலகின் தலைசிறந்த வீரர்கள் மோதும் அரங்கில் அக்காலணியும் ஓடியது; தாவியது; தாங்கியது.

எனினும், அதனை விற்ற கடை நிறுவனம் 2008இல் நொடித்துப்போனது. கடைகள் மூடப்பட்டன; காலணியும் சந்தையிலிருந்து மறைந்தது. மார்பரி சீனா சென்றார். பெய்ஜிங் அணி 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் வாகை சூட வழிகாட்டினார். அந்நகரம் அவருக்குச் சிலை எழுப்பிச் சிறப்பித்தது.

வணிகக் கணக்கில் ஸ்டார்பரி தோற்றிருக்கலாம். ஆயினும், விலைச்சீட்டைக் கண்டு தயங்கி நிற்கும் பெற்றோரின் முன்னும், தோழரின் காலைப் பார்த்துத் தன் காலை மறைத்துக்கொள்ளும் சிறுவனின் முன்னும் அது ஓர் உண்மையை வைத்துச் சென்றது. காலணியின் விலை, அதை அணிந்தவரின் மதிப்பாகாது.