பலாசுக்கு எங்கும் மூன்றே இலை

பிப்ரவரி இறுதியில் பிம்ப்ரியிலிருந்து லோனாவாலா செல்லும் லோக்கல் ரயிலில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் மறைந்தபின், காய்ந்த குன்றுச் சரிவுகளில் இலையற்ற சில மரங்கள் தீப்பற்றியதுபோல் செம்மஞ்சள் நிறத்தில் நிற்கும். இலையுதிர் காடுகளுக்கு வசந்தம் வந்துவிட்டதென்பதற்கு அதுவே அடையாளம்.

மராத்தியர் இம்மரத்தைப் 'பளஸ்' என்பர். இங்கே பள்ளி செல்லும் நம் பிள்ளைகளும் அப்பெயரையே அறிவர். இந்தியில் டேசு, தெலுங்கில் மோதுகு, கன்னடத்தில் முத்துக. தமிழிலோ இது பலாசு, ஊர்வழக்கில் புரசு. சென்னையின் புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். 1757-இல் போர் நடந்த வங்கத்துப் பிளாசியும் 'பலாஷி' என்னும் ஊரே. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் பலாசமும் ஒன்று.

வடமொழியில் இதற்குக் கிஞ்சுகம் என்றும் பெயருண்டு. 'இது கிளியோ?' என்னும் கேள்வியே பெயராயிற்று என்பர். வளைந்த இதழைக் கையிலெடுத்துப் பார்த்தால் கிளியின் மூக்கு புலப்படும். மணமில்லாத மலராயினும் மைனாக்களும் தேன்சிட்டுகளும் தேனை நாடி வருகின்றன. தாவரவியலார் வைத்த பெயர் பூட்டியா மோனோஸ்பெர்மா; காய்க்கு ஒரே விதை என்பதைப் பின்சொல் குறிக்கிறது.

ஆங்கிலப் பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'ஃபிளேம் ஆஃப் த ஃபாரஸ்ட்' என்று மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோஹரையும் பலர் அழைக்கின்றனர். அது கோடையில் பூப்பது. பலாசோ இம்மண்ணுக்கே உரியது.

பெயர்கள் பலவாயினும் பயன்கள் ஒன்றே. பூவை வேகவைத்து ஹோலிக்குச் சாயம் எடுப்பர். இம்மரத்தில் அரக்குப் பூச்சியை வளர்ப்பர். மராட்டிய கிராமங்களில் இதன் இலைகளைக் கோத்து உண்கலம் செய்வர். நம் நாட்டிலும் புரச இலையைத் தைத்து விருந்து பரிமாறிய வழக்கம் உண்டு.

இலைக்காம்பு ஒவ்வொன்றிலும் சிற்றிலைகள் மூன்று. இதை வைத்தே, எங்கே போனாலும் பளஸுக்கு இலை மூன்றுதான் என்று மராத்தியில் ஒரு பழமொழி வழங்குகிறது. மனித இயல்பு எவ்விடத்தும் ஒன்றே என்பது அதன் கருத்து.

1954-இல் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தோன்றிய பின் பிம்ப்ரி தொழில் நகரமாய் வளர்ந்தது. பிழைப்புக்காக இங்கு வந்த நமக்கு அப்பழமொழி ஆறுதல் தருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மரம் இரு நாட்டிலும் உண்டு, புரசு என்ற சொல்லோ நம் நாவோடு நின்றுவிடக்கூடும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வரும்போது, பேரப்பிள்ளை 'பளஸ்' என்று காட்டும் மரத்தை அவர்கள் 'புரசு' என்று அடையாளம் காணட்டும். இரண்டு பெயர்களையும் பிள்ளைகள் அறிந்திருந்தால், இந்த ஊரும் அவர்களுக்குச் சொந்தம், அந்த ஊரும் சொந்தம். இவ்வாண்டு பூக்கும் காலத்தில் அவர்களை அழைத்துச்சென்று காட்டுங்கள். மார்ச் முடிவதற்குள் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.