பல் வைத்தியமும் பிரயாணமும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லை நம்பிப் பிழைக்கும் உபாத்தியாயருக்கு அது ஜீவனோபாயத்தைப் பற்றிய விஷயம். என் மேல்வரிசை முன்பல் ஒன்று போனதிலிருந்து, 'தமிழ்' என்று நான் தொடங்குமுன் காற்று முந்திக்கொள்கிறது. கடைசி வரிசைப் பிள்ளைகள் இப்போதுதான் பாடத்தை வெகு கவனமாகக் கேட்கிறார்கள்!

தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் பல் கட்டிக்கொள்வதென்று நிச்சயித்தேன். எங்கே கட்டிக்கொள்வது? போடிநாயக்கனூரிலா, மதுரையிலா, சென்னையிலா? 2010-ஆம் ஆண்டு முடிவில் நின்ற ரயில் 2023-ல் திரும்பி வந்துவிட்டது. இரவில் ஏறினால் காலையில் சென்னை. "பட்டணத்துக்கே போங்கள், ஸார்!" என்றனர் நண்பர்கள்.

டைட்டானியத்துடன் எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடன் தேசத்துப் பிரோனமார்க் 1950-களில் கண்டறிந்தார். 1965-ல் மனிதருக்குப் பொருத்தினார். ஆனால் எலும்புக்கு ரயிலின் அவசரம் கிடையாது. திருகைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் கேட்கிறது. சோதனை, பதித்தல், தையல் பிரித்தல், அளவெடுத்தல், பொருத்துதல் என்று பல நடைகள். பின்னர் ஈறு வீங்கினாலும் திருகு தளர்ந்தாலும் மறுபடி நடைதான். நம் மலைச்சரிவில் ஏலச்செடியை நட்டவர், காய் காண ஏறக்குறைய மூன்று ஆண்டு அருகிலிருந்து பேணுகிறார் அல்லவா?

ஆகவே உள்ளூர் வைத்தியரிடமே சென்று, இவ்வேலையில் அவருக்குள்ள பழக்கத்தை விசாரித்தேன். அவர் முதலில் என் சர்க்கரை அளவைக் கேட்டார். எலும்பின் கனத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எலும்பு போதாவிட்டால் மதுரைக்கு அனுப்புவதாகவும் ஒளிக்காமல் கூறினார். அந்த வார்த்தையே என் ஐயத்தைத் தீர்த்தது.

நேயர்களே, எங்கே கட்டிக்கொண்டாலும் திருகின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் வேறொரு வைத்தியர் அதைத் தொட நேர்ந்தால், அந்தச் சீட்டுத்தான் வழிகாட்டும்.